ஓடாத வரிகள்

கற்பிட்டி,
2012 பெப்ரவரி 3

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமியும் நானும் சுகம். பனிக்கு மாமியின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய தைலத்தைப் பூசிவிடுகிறேன். உங்கள் சுகத்தை ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் எடுக்கும் போன் மாமியின் கையில் தொடங்கி மாமியின் கையிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். செய்னுலாப்தீன் நானா லீவு முடிந்து ஞாயிறு அங்கே திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சாள்ஸ் அண்ணனின் கடைக் கணினியை வைரஸ் தின்றுவிட்டது. நாம் இருவரும் புத்தளத்தில் படித்தோமே, காசு கொடுக்காமல் எடுக்கலாம், யாரும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று, அந்தத் திறந்த மூல இயங்குதளத்தை நானே அதில் ஏற்றினேன். "தங்கச்சி, இது நல்லா ஓடுது, ஆனா எனக்கொண்டும் விளங்கயில்ல" என்கிறார். போட்டோ கொப்பியை அவர் பார்க்கிறார். கணினி முழுக்க என் பொறுப்பில்.

சொல்ல வந்தது இதுதான். அந்த இயங்குதளக்காரர்கள் ஒரு போட்டி வைக்கிறார்கள். மேசைக் கணினியில் ஓடும் புதிய செயலி ஒன்றை யாரும் செய்து அனுப்பலாம். மே மாதக் கடைசியில் முடிவுத் திகதி. நீங்கள் போவதற்கு முன் தொடங்கி அப்படியே நின்ற 'மனு' ஞாபகமா? விவரத்தைத் தமிழில் நிரப்பினால் அரசாங்கக் கந்தோருக்குக் கொடுக்கச் சிங்களத்தில் கடிதம் வரும் என்று சொன்னீர்களே. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் தேவை. அனுப்புவோமா?

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
ஷஃபீனா


கத்தார்,
2012 பெப்ரவரி 20

அன்பு ஷஃபீனா,

வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உம்மாவைக் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க விடாதே.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அனுப்புவோமா என்று கேட்பதா? அனுப்பு! நான் நிரல் வரிகளை எழுதி அனுப்புகிறேன், நீ தட்டச்சு செய்து கணினியில் ஓட்டு. இங்கே கம்பனியின் கணினிப் பிரிவில் வெளி மின்னஞ்சலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே போகவும் விடமாட்டார்கள். ஆகவே கடதாசிதான்.

முதல் ஒன்பது பக்கம் இதோடு வைத்திருக்கிறேன். பைதன் நிரல்மொழியில் இடைவெளி தவறினால் எல்லாம் கெட்டுவிடும் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். நான்கு புள்ளி என்றால் நான்கு இடைவெளி. புள்ளிகளை எண்ணித் தட்டு.

வகுப்பில் உன் பக்கத்துக் கதிரையில் இருந்து, உன் திரையைப் பார்க்காத மாதிரி நடித்த நாட்களை இதை எழுதும்போது நினைத்தேன். வேறென்ன சொல்ல?

உன்,
நஜாத்


கற்பிட்டி,
2012 மார்ச் 10

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகத்தோடு இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் மெலிந்துவிட்டதாக செய்னுலாப்தீன் நானா போனில் தன் வீட்டாரிடம் சொன்னாராம். உண்மையா?

ஒன்பது பக்கமும் கிடைத்தன. புள்ளிகளை எண்ணித் தட்டினேன். ஒரு பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி. ஒன்றைக்கூட நீங்கள் அவசரத்தில் வைக்கவில்லை.

போன கிழமை ஹவ்வா உம்மா என்று ஒருவர் கடைக்கு வந்தார். மன்னாரிலிருந்து தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு வந்து ஆலங்குடாவில் இருப்பவர். மௌத்தான கணவர் பதுறுதீனின் காணிக்காகக் கந்தோருக்குக் கொடுத்த மனு மூன்றாம் தரமும் திரும்பி வந்துவிட்டதாம். "இது வேற ஆள்ட பேராம் மகள். நாப்பது வருஷம் குடும்பம் நடத்தின எனக்குத் தெரியாதா என்ட மனுஷன்ட பேர்?" என்று என் மேசையில் கையை ஊன்றி அழுதார்.

வாங்கிப் பார்த்தேன். நமக்குப் 'ப' ஒன்றுதான். சிங்களத்தில் அதற்கு இரண்டு எழுத்து. கடிதம் எழுதியவர் மற்ற எழுத்தைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான். பதுறுதீன் வேறு மனிதராகிவிட்டார். நம் 'மனு' செயலி செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

துஆவுடன்,
ஷஃபீனா


கத்தார்,
2012 மார்ச் 28

அன்பு ஷஃபீனா,

வஅலைக்கும் ஸலாம். மெலியவில்லை. அந்த மனிதருக்குப் பார்வை சரியில்லை.

எழுத்துப் பிரச்சினைக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். எந்த எழுத்துக்குப் பின்னால் எது வந்தால் எந்தச் சிங்கள எழுத்து என்று ஓர் அட்டவணை. பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. இதுதான் மனுவின் இதயம். இதைக் கவனமாகத் தட்டு.

இங்கே கணினிப் பிரிவில் வேலை கொஞ்சம் கூட. ஆனால் நல்ல குளிரூட்டி, நல்ல கதிரை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம். நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கம்பனியில் கேட்கிறார்கள். போட்டால் வீட்டுக் கூரை முடிந்துவிடும். நீ என்ன நினைக்கிறாய்? உன் மனதில் இருப்பதை எழுது.

உன்,
நஜாத்


கற்பிட்டி,
2012 ஏப்ரல் 19

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கு இப்போது வலி குறைவு. வெயில் ஏறிவிட்டது, கடல் களப்புப் பக்கமிருந்து காற்றும் இல்லை. உங்களுக்கு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அட்டவணையைத் தட்டிவிட்டேன். உங்கள் வரிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இனிப் பக்கங்கள் அனுப்பிக் கஷ்டப்பட வேண்டாம், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். உங்கள் கையெழுத்து கடைசிப் பக்கங்களில் கொஞ்சம் மாறியிருக்கிறது. கைக்கு ஏதும் இல்லையே?

ஒப்பந்தம் பற்றி மாமியிடம் கேட்டேன். "கூர முடியட்டும், அதுக்குப் பொறகு வரட்டும்" என்கிறார். உங்களுக்குச் சரி என்று படுவதைச் செய்யுங்கள்.

கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். இத்தோடு நிறுத்துகிறேன்.

ஷஃபீனா


கத்தார்,
2012 மே 8

அன்பு ஷஃபீனா,

வஅலைக்கும் ஸலாம். சுகம்.

உன் மனதில் இருப்பதை எழுதச் சொன்னேன். உம்மாவின் மனதில் இருப்பதை எழுதியிருக்கிறாய்.

அட்டவணை ஓடியதா என்றும் நீ எழுதவில்லை. தட்டியதாக மட்டும் எழுதியிருக்கிறாய். ஓடியதா?

பக்கம் வேண்டாம் என்று சொன்னாலும் ஆறு பக்கம் வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து எழுத உட்கார்ந்தால்தான் அன்றைய நாள் என்னுடையது மாதிரி இருக்கிறது. அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே.

நஜாத்


கற்பிட்டி,
2012 ஜூலை 5

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்கு முதலில் மன்னிப்பு. போட்டி வேலை என்னைக் குனிந்த தலை நிமிர விடவில்லை. மாமியும் நானும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கடைக்குள் எல்லாம் மணல்.

மனுவை மே முப்பதாம் திகதி அனுப்பினேன். முடிவு நேற்று வந்தது. முதற்பரிசு இல்லை. அது பிரேசிலில் ஒரு மாணவனுக்கு. நூற்று முப்பதில் நமக்கு ஏழாம் இடம். முதல் பத்தையும் இயங்குதளத்தின் செயலிக் களஞ்சியத்தில் சேர்த்திருக்கிறார்கள். யாரும் எந்த ஊரிலிருந்தும் ஒரே தட்டில் எடுக்கலாம். "எங்களுக்கு இதில் ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது. ஆனால் இது மனிதரிடம் கேள்வி கேட்கிறது, கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறது. அது எங்களுக்குப் பிடித்தது" என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். சாள்ஸ் அண்ணன் கடைக்கு வந்த எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார்.

ஹவ்வா உம்மாவின் மனு இந்தத் தரம் திரும்பி வரவில்லை. ஏற்றுக்கொண்டு இலக்கம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக்கியோர் பெயர் போடும் இடத்தில் உங்கள் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டேன். "பொம்புளப் புள்ளட பேர் ஊருலகத்துக்கெல்லாம் தெரியத்தான் வேணுமா?" என்று மாமி கேட்டார். உங்கள் பெயர் முன்னால் இருப்பதைக் காட்டியதும் சரி என்று தலையாட்டினார்.

இது நம் இருவரின் வேலை. சந்தோஷப்படுங்கள்.

ஷஃபீனா


கற்பிட்டி,
2012 ஆகஸ்ட் 22

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி முடிந்தது. வட்டிலப்பம் செய்தேன். மாமி உங்கள் பங்கு என்று ஒரு கோப்பையை மூடி வைத்துவிட்டு, பின்னேரம் என்னையே சாப்பிடச் சொன்னார்.

என் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலிருக்கும். பதில் இல்லை. போனில் "சுகமா" என்று கேட்கிறீர்கள். "ஓம், சுகம்" என்கிறேன். மாமி வாங்கிக்கொள்கிறார்.

நான் ஏதும் பிழை செய்திருந்தால் சொல்லுங்கள்.

ஷஃபீனா


கத்தார்,
2012 செப்டெம்பர் 1

ஷஃபீனா,

வஅலைக்கும் ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நோன்பு மாதத்தின் முதல் வெள்ளி செய்னுலாப்தீன் நானாவோடு நகரத்துக்குப் போய், ஒரு மலையாளியின் இன்டர்நெட் கடையில் இருந்தேன். மனுவைத் தேடி எடுத்தேன். என் பெயர் மேலே இருந்தது. நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் தோளில் தட்டினார்.

திறந்த மூலம் அல்லவா? உள்ளே போய்ப் பார்த்தேன். ஆயிரத்து நூறு வரி. மேலிருந்து கீழே வாசித்தேன். பிறகு கீழிருந்து மேலே வாசித்தேன்.

"என்னடா இவ்வளவு நேரமாத் தேடுறாய்?" என்றார் நானா.

"என்ட வரி ஒண்டு."

"கிடைச்சிச்சா?"

கடைக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு வரி இல்லை, ஷஃபீனா. பதினான்கு பக்க அட்டவணை இல்லை. அந்தப் புள்ளிகளில் ஒன்று இல்லை. எல்லாம் உன்னுடையது. அப்படியிருக்க என் பெயரை ஏன் போட்டாய்? பிச்சையா?

அடுத்த நாள் காலையில் கம்பனிக் கந்தோருக்குப் போய் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதை எழுத ஆறு கிழமை எடுத்தது. எழுதும்போது என் பக்கப் பொய்யையும் சொல்லாமல் விட ஏலவில்லை. நான் கணினிப் பிரிவில் இல்லை. ஒரு நாளும் இருக்கவில்லை. வந்த முதல் கிழமையே கேபிள் புதைக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பாலைவனத்தில் கிடங்கு வெட்டி, கேபிளை இறக்கி, மூடுகிறோம். இந்த இரண்டு வருடத்தில் நான் கணினியைத் தொட்டது அந்த வெள்ளிக்கிழமைதான். பக்கங்கள் எல்லாம் கட்டிலில் உட்கார்ந்து, நினைவில் இருந்ததை வைத்து எழுதியவை.

சிரிக்க வேண்டுமானால் சிரி.

நஜாத்


கற்பிட்டி,
2012 செப்டெம்பர் 16

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரியும். ஏப்ரல் மாதத்திலிருந்தே தெரியும்.

உங்கள் ஒன்பது பக்கத்தையும் தட்டி ஓட்டினேன். ஓடவில்லை. நான்தான் பிழையாகத் தட்டினேன் என்று நினைத்து, புள்ளிகளை மறுபடி எண்ணி, இன்னொரு தரம் தட்டினேன். ஓடவில்லை. பிறகு அட்டவணை வந்தது. ஒரே பிழை ஏழு இடத்தில் இருந்தது. கணினியில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கிற ஆள் அந்தப் பிழையை இரண்டாம் தரம் விடமாட்டார். நாம் படித்த கருவிகளும் பழசாகிவிட்டன. அது உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கணினி முன்னால் இருக்கிறவருக்குத் தெரியாமல் போகாது. பக்கங்களின் மடிப்புக்குள் மஞ்சள் மணலும் இருந்தது. அதைத் தட்டி மேசையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாள்ஸ் அண்ணன் "என்ன தங்கச்சி, கண்ணுக்குள்ள தூசா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் குளிரூட்டி என்று எழுதினீர்கள், நல்ல கதிரை என்று எழுதினீர்கள். அதை எழுத நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள் என்று நினைத்தபோது, கேட்டால் அதையும் உங்களிடமிருந்து பறித்தது மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன்.

உங்கள் அட்டவணை ஊகித்தது. நம்முடைய பெயர்கள் ஊகத்துக்கு அடங்கவில்லை. ஒரு நாள் நான் ஹவ்வா உம்மாவிடம், "உம்மா, பதுறுதீனுக்கு வாறது 'பஸ்'ஸில வாற பானாவா, சாப்பிடுற 'பாண்'ல வாற பானாவா?" என்று கேட்டேன். "பஸ்ஸில வாறது மகள், இதையும் கேக்கணுமா?" என்றார். அன்றைக்கு அட்டவணையை எடுத்துவிட்டு, செயலி அவரிடமே கேட்கட்டும் என்று எழுதத் தொடங்கினேன். முழுதும் மாறிவிட்டது. அதை உங்களுக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பிழை என்னுடையது.

பெயர் போட்டது பிச்சை அல்ல. மாமிக்காகவும் அல்ல, அது நான் சொன்ன சாட்டு. அந்த மூன்று மாதமும் உங்கள் பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஓடாவிட்டாலும் வைத்திருந்தேன். நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் பெயராவது எனக்கு முன்னால் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

இப்போது என் மனதில் இருப்பதை எழுதுகிறேன். மார்ச்சில் கேட்டீர்கள், செப்டெம்பரில் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. எனக்குக் கூரை வேண்டாம். தகரம் இன்னும் பத்து வருடம் தாங்கும். நாம் கல்யாணம் முடித்து ஒன்றாக இருந்தது பதினொரு மாதம். வாருங்கள், மச்சான்.

ஷஃபீனா


கத்தார்,
2012 ஒக்டோபர் 12

அன்பு ஷஃபீனா,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். உண்மையாகவே சுகம்.

உன் கடிதம் கிடைத்த அன்று வேலைக்குப் போகவில்லை. அழுக்கு உடுப்போடு கந்தோருக்குப் போனேன். புதிய ஒப்பந்தம் நவம்பர் இருபதில்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் விலகலாம், ஆனால் விலகினால் இந்தக் கம்பனி மறுபடி எடுக்காது என்றார்கள். "யோசித்துச் சொல்" என்றார் அந்த மனிதர். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். என் கண் முன்னால் கடதாசியைக் கிழித்தார். அதே இருபதாம் திகதி இரவு விமானம். உம்மாவிடம் போன வெள்ளி போனில் சொன்னேன். "வா மகன். மழை வந்தா ரெண்டு வாளி வைப்பம்" என்றார்.

நகரத்துக்கு மறுபடி போய் மனுவை ஓட்டிப் பார்த்தேன். பஸ்ஸா பாணா என்று என்னிடமே கேட்டது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். நல்ல வேலை, ஷஃபீனா. நான் செய்திருந்தால் அட்டவணையோடு நின்றிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பெயரை எடுத்துவிடு. கோபத்தில் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது அதை எப்படிச் செய்தாய் என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? உன் பெயர் தனியாக இருக்கட்டும். உலகத்துக்குத் தெரியட்டும்.

கைகள் காய்த்துப் போயிருக்கின்றன. பார்த்துப் பயப்படாதே.

உன்,
நஜாத்


கற்பிட்டி,
2012 நவம்பர் 16

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்கவில்லை, நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கக் கூடாது. இங்கிருந்து அங்கே வர பத்து நாளாவது எடுக்கும். அதற்குள் நீங்கள் புறப்பட்டிருப்பீர்கள். தெரிந்துகொண்டே தபாலில் போடப் போகிறேன். இரண்டு வருடமாக உங்களுக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் கடதாசியில் மடித்துப் பழகிவிட்டது. வந்து முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வருமா என்று தெரியவில்லை.

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நேற்றுத்தான் அழித்தேன். நீங்கள் சொன்னது சரி. இனி நீங்கள் எழுதி ஒரு வரி ஓடினால், நீங்களே உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். சாள்ஸ் அண்ணன் இன்னொரு பழைய கணினி வாங்கியிருக்கிறார். அதற்கு ஆள் இல்லை.

மாமி நேற்றுப் பக்கத்து வீட்டு நஃபீஸா ராத்தாவைக் கடைக்குக் கூட்டி வந்தார். பிறப்புப் பதிவுக்கு ஒரு மனு. கடிதம் அச்சாகி வெளியே வந்ததும், திரையைக் காட்டி, "என்ட மருமகள் செஞ்சது. கீழ பேரும் இரிக்கி, பாருங்க" என்றார். நஃபீஸா ராத்தாவுக்கு அந்த ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது. மாமிக்கும் தெரியாது. இரண்டு பேரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாளும், மச்சான். வேலையில், சமையலில், கடையில் ஆள் குறைந்த நேரத்தில், ஒவ்வொரு நாளும் உங்களைத் தேடினேன். இதை ஒரு கடிதத்திலாவது எழுதியிருக்க வேண்டும். இதில் எழுதிவிட்டேன்.

ஷஃபீனா

பி.கு: இப்போது அவருடைய கட்டிலில் இருக்கும் சகோதரருக்கு. இது உங்கள் கைக்கு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். அவர் அங்கே இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டார்.